மாக்கோழியும் துணிப்பாவையும்

சென்ற கோடை விடுமுறையில் செம்பரம்பாக்கத்தில் உறவினர் இல்லமொன்றில் கூடியிருந்தோம். ஏரிக்கரையில் உலாவித் திரும்பி, பொழுது சாயுமுன் உணவை முடித்து அமர்ந்திருந்த வேளையில், உள்ளறையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த ஆறு வயதுக் குழந்தை அழுதவாறு ஓடி வந்தது. "தாத்தா, அந்த வாத்துக்கு வலிக்குமா?" என்று கேட்டது. "அது வெறும் பொம்மைதானே கண்ணு, அதற்கு ஏது வலி?" என்று பெரியவர் தேற்றினார். அழுகை நின்றது. ஆயினும் அவ்விடை சரியானதுதானா என்னும் ஐயம் நம்மை விடவில்லை.

குழந்தை கண்டது, 'டோன்ட் ஹக் மீ ஐ'ம் ஸ்கேர்டு' என்னும் ஆங்கிலப் பாவைப் படம். 'என்னை அணைக்காதே, அஞ்சுகிறேன்' என்பது அதன் பொருள். பெக்கி ஸ்லோன், ஜோசப் பெல்லிங் ஆகியோர் 2011-இல் தொடங்கி 2016 வரை ஆறு குறும்பகுதிகளாக யூடியூபில் வெளியிட்டனர்; 2022-இல் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சியிலும் தொடராக வந்தது. சிறுவர் நிகழ்ச்சி போன்றே வண்ணப் பாவைகள் பாடிப் பாடம் கற்கும். திடீரென அப்பாடம் கொடுங்கனவாக மாறும். 2015-இல் வந்த ஐந்தாம் பகுதியில், வாத்துப் பாவையின் உள்ளுறுப்புகள் தின்னப்படுகின்றன.

உயிரற்ற பாவையைச் சிதைப்பது இம்சையாகுமா? இவ்வினாவுக்கு யசோதர காவியம் என்றோ விடை கூறிவிட்டது. உயிர்ப்பலிக்கு மனம் ஒப்பாத யசோதர மன்னனிடம், மாவினால் கோழி செய்து பலியிடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். மாவுக்கு ஏது உயிர் என்பதே அவள் வாதம். ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வாள் வீசப்பட்டமையால், தாயும் மகனும் நாயும் மயிலுமாகப் பிறந்து, பிறவிதோறும் துன்புற்றனர். வினை மாவில் இல்லை, நினைவில் இருந்தது. நம் பெரியவர் கூறிய விடையும் சந்திரமதியின் விடையும் ஒன்றேயன்றோ!

அவ்வாறாயின் கொடுமையைக் காட்டும் கலை யாவும் குற்றமா? அன்று. நம் தோற்பாவைக்கூத்தில் நல்லதங்காள் தன் குழந்தைகளைக் கிணற்றில் தள்ளுகிறாள். அக்கூத்து மரபில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நகைப்பூட்டுவதும் உண்டு. எனினும் அக்காட்சியில் அவை கண்ணீர் வடிக்கிறது. யசோதர காவியமே கொலையைச் சொல்லித்தான் கொல்லாமையைக் கற்பிக்கிறது. காட்டப்படுவது எது என்பதைவிட, காண்பவர் நெஞ்சில் விளைவது எது என்பதே அறத்தின் அளவுகோல். இரக்கம் விளைந்தால் அது பாடம். இன்புறுதல் விளைந்தால் அது வினை.

அவ்வாங்கிலப் படத்தையும் நாம் நடுநிலையோடு நோக்க வேண்டும். இனிய குரலில் பாடம் சொல்வோரெல்லாம் நல்லாசிரியர் அல்லர் என்று வளர்ந்தோருக்கு அது உணர்த்துகிறது. அது பயனுள்ள எச்சரிக்கையே. ஆனால் வண்ணத்தைக் கண்டு தனக்குரியதென மயங்கும் குழந்தை அவ்வங்கதத்தை எவ்வாறு அறியும்? கூத்துக்களத்தில் குழந்தை தாயின் மடியில் இருந்தது. கைப்பேசியின் முன் தனியே இருக்கிறது. அதனைத் தனியே விட்டவர் படம் எடுத்தவர் அல்லர். உரையாடலில் மகிழ்ந்திருந்த நாமே.

அன்று அக்குழந்தைக்கு நாம் கூறியிருக்க வேண்டிய விடை வேறு. "பொம்மைக்கு வலிக்காது கண்ணு. ஆனால் உனக்கு வலித்ததே, அதுதான் நல்ல மனம்" என்று கூறி அருகில் அமர்ந்திருக்கலாம். அழும் குழந்தையிடம் அகிம்சை தானே முளைவிட்டிருந்தது. 'வெறும் பொம்மை' என்னும் சொல்லால் நாம் கிள்ளியது அம்முளையை அன்றோ? பாவையைக் கண்டு இரங்கும் நெஞ்சே நாளை உயிரைக் கண்டு இரங்கும். அவ்விரக்கத்தைக் காப்பது இல்லறத்தாராகிய நம் கடமை.