யாருடைய கஷ்டம், யாருக்குப் பாடம்?

ஒரு சின்னக் கேள்வி. பதில் அவ்வளவு சின்னது இல்லை.

நகரத்துக் கல்லூரி ஒன்று. சர்ச் நடத்துவதாக இருக்கட்டும், மடம் நடத்துவதாக இருக்கட்டும், ஜமாஅத் நடத்துவதாக இருக்கட்டும். 'இறைவனை மனிதர்களிடம் காண வேண்டும்' என்று நல்ல எண்ணத்தோடு நாற்பது மாணவர்களை ஒரு குடிசைப் பகுதிக்கு பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், கண் கலங்குகிறார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுதுகிறார்கள். மார்க் கிடைக்கிறது. இதற்கு 'அனுபவக் கல்வி' என்று பெயர்.

பிள்ளைகளுக்கு அனுபவம் கிடைத்துவிட்டது. அந்தக் குடிசைக்காரருக்கு என்ன கிடைத்தது?

அவர் கஷ்டம் நமக்குப் பாடப்புத்தகமா? அப்படியென்றால் அந்தப் புத்தகத்துக்கு யார் விலை கொடுப்பது?

இதை யோசிக்க கோட்டுச்சேரியைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். காரைக்காலுக்கு வடக்கே பொறையாறு போகிற ரோட்டில் இருக்கிற சின்ன ஊர். ஆனால் இந்தக் கேள்விக்கான மூன்று பதில்கள் இதைச் சுற்றியே கிடக்கின்றன.

முதல் பதில், திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி வந்தால் லட்சக்கணக்கில் கூட்டம். நள தீர்த்தத்தில் முழுக்கு, பிறகு ஏழைகளுக்கு சாப்பாட்டுப் பொட்டலம். நல்ல காரியம்தான், பசித்தவன் சாப்பிடுகிறான். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "இருபத்தோரு பொட்டலம் கொடுக்கணும்னு ஜோசியர் சொல்லியிருக்கார். பதினெட்டுதான் ஆச்சு, இன்னும் மூணு பேர் இருக்காங்களா பாரு" என்று தேடுகிறவரின் கணக்கில் வாங்குகிறவர் யார்? வெறும் எண். கொடுப்பவருடைய தோஷம் போக வேண்டும், அதற்கு ஒரு கை நீள வேண்டும். அவ்வளவுதான்.

மார்க்குக்காகக் களப்பணி போகிற மாணவனும் இதே வரிசையில்தான் நிற்கிறான். இவருக்கு தோஷம் கழிய வேண்டும், அவனுக்கு கிரெடிட் ஏற வேண்டும்.

"அப்படின்னா போகவே கூடாதுங்கறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை சார். போகாமலே இருப்பது அதைவிட மோசம். அபார்ட்மென்ட்டில் பிறந்து, ஏ.சி. பஸ்ஸில் பள்ளிக்குப் போய், கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை வாங்குகிற பிள்ளைக்குத் தன் தெருவைப் பெருக்குகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பது தெரியாமலே ஆயுள் முடிந்துவிடும். அதனால்தான் 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு, சமூக ஈடுபாட்டை இரண்டு கிரெடிட் பாடமாகவே வகுத்துக் கொடுத்தது. போகத்தான் வேண்டும். எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. அதை மாணவனிடம் கேட்டுப் பயனில்லை. அழைத்துப் போகிற ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இரண்டாவது பதில் இங்கே இருக்கிறது. கோட்டுச்சேரியில் பஸ் ஏறினால் பொறையாறு தாண்டித் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் ஜெர்மானியர் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். வயது இருபத்து மூன்று. வந்தது போதிக்க. ஆனால் பாஷை தெரியாது. என்ன செய்தார்? ஒரு வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். பொடிப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார்.

ஒரு நிமிஷம் அந்தக் காட்சியை மனசில் கொண்டு வாருங்கள். ஐரோப்பாவில் படித்த பாதிரியார், எட்டு வயசுப் பையனுக்குப் பக்கத்தில். ஆசிரியர் பயிற்சி என்றால் இதுதான். போதிக்க வந்தவன் முதலில் தரையில் உட்கார வேண்டும்.

பிறகு அவர் இங்குள்ள மக்களிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதத்தில் பதில் வாங்கினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'அந்த வழிபாட்டை ஒழிக்க அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா அனுப்பினோம்?' என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டார்கள். அந்த நூல் அச்சேறியது 1867-ல்! அவர் மத மாற்றத்துக்காகத்தான் வந்தார், அந்த எண்ணத்தைக் கைவிடவும் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள உட்கார்ந்தவர், அனுப்பியவர்களுக்கே புரியாத ஆளாக மாறிப் போனார். உண்மையில் கற்றவனுக்கு இந்தச் சங்கடம் வந்தே தீரும்.

இதே வழியில் நம் காலத்தில் நடந்தவர்களும் உண்டு. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கியது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. குருப்பட்டத்துக்குப் படிக்கிற மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, நகரத்து ஏழைகள் நடுவில் ஒரு வருஷம் குடியிருக்க வைத்தார்கள். ஒரு நாள் டூர் இல்லை, ஒரு வருஷம்! அதே தண்ணீர்க் குழாய், அதே கொசு. 'பரட்டை' என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியர். 2005-ல் காலமானார். ஆராதனைக்குக் கிராமத்து மெட்டுகளைக் கொண்டு வந்தவர், ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதையே இறையியலாகச் சொன்னவர். மக்களிடம் போய்ப் பாடம் எடுக்காமல், மக்களுடைய பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து வகுப்பறையை மாற்றினார்.

மூன்றாவது பதில் காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்கக் கூட்டம் அலைமோதுகிறதே, அந்தக் கதைதான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை இலையில் வைத்தார். தோஷம் கழிக்க இல்லை, பசிக்கு. அற்புதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கதையைப் பாருங்கள். கணவன் சாப்பிட உட்கார்ந்து, 'இன்னொரு பழம் எங்கே?' என்று கேட்கிறான். கொடுத்ததற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டி வருகிறது. அதற்குப் பிறகு அந்த வீடு பழையபடி இருக்கவில்லை.

நம்முடைய களப்பணியில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான். திரும்பி வந்த பிறகு நம் வீட்டில் என்ன மாறியது?

2004 டிசம்பர் 26. சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. கோட்டுச்சேரிமேடு மாதிரி மீனவக் கிராமங்களில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். ஃபாரமும் பேனாவுமாகப் பத்தாவது குழு வந்து நிற்கிறது. "உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?" மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கூட வந்த ஆசிரியருக்குப் பயிற்சி இருந்தால் என்ன செய்திருப்பார்? "இன்னிக்கு எதுவும் கேட்க வேண்டாம். வலை சிக்கெடுக்கறாங்க, கூட உட்காருங்க" என்று ஃபாரத்தை மடித்து வைத்திருப்பார்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைப்பவர்களிடம் மூன்றே மூன்று கேட்கலாம். ஒன்று, மாணவனை அழைத்துப் போகுமுன் நீங்கள் அங்கே போய் உட்கார்ந்தீர்களா? இரண்டு, 'வரலாமா?' என்று அவர்களிடம் கேட்டீர்களா, 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்ததா? மூன்று, எழுதிய அறிக்கையை அவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினீர்களா?

பக்தி இருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பொட்டலத்தை எண்ணுகிறவரிடமும் பக்தி இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை 'களப்பணிக்குப் போறேன்' என்று கிளம்பினால் தடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் ஒன்று மட்டும் கேளுங்கள். "உங்க காலேஜ் பாத்ரூமைக் கழுவுற அம்மா பேரு என்னப்பா? அவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?"

பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் அழைத்துப் போன ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், குடிசைப் பகுதிக்கு பஸ் பிடிக்குமுன் அவர் போக வேண்டிய இடம் அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது.