செவிக்கு உணவு

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பொழுதோ தானே போவது. அதனைப் போக்க நாம் ஏன் முயல வேண்டும் என்று எண்ணுவதில்லை. ஹாஸ்யம், ரதி என்பவற்றை ஒன்பது நோகஷாயங்களுள் வைத்து எண்ணியது நம் ஆகமம். காமத்தையும் சினத்தையும் கிளறும் கதைகளைக் கேட்பது துச்ருதி எனப் பெயர் பெற்று, அனர்த்த தண்டங்கள் ஐந்தனுள் ஒன்றாயிற்று. அங்ஙனமாயின் இல்லறத்தார் எதனையும் சுவைத்துக் கேட்டல் ஆகாதோ?

ஆகாதெனின், துறவியாகிய திருத்தக்கதேவர் சீவகன் மணந்த மகளிர் எண்மர் கதையை அத்துணைச் சுவைபடப் பாடியிரார். மணநூல் என்றே பெயர் பெற்ற அக்காப்பியம், முத்தி இலம்பகத்தில் நிறைவுறுகிறது. சுவையால் ஈர்த்த நெஞ்சைத் துறவின் வாயில்வரை கொண்டுசேர்க்கிறது. 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்தில் நம் சமயத்தார் இல்லங்களில் அந்நூல் வாசிக்கப்பட்டு வருவதை அறிந்தார். அவர்களிடம் கேட்டறிந்தவை துணைபுரிய, 1887-இல் அதனைப் பதிப்பித்தார். ஏட்டில் உறங்குவதாகப் பிறர் எண்ணிய நூல், நம் முன்னோர் செவிகளில் விழித்திருந்தது.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கத்தால், நம் இல்லங்களில் மாலைப்பொழுது நீண்டிருந்தது. நம் இளமையில் திண்ணையில் ஸ்ரீபுராணம் வாசிக்கக் கேட்டோம். ஒருவர் வாசிப்பார், மற்றொருவர் பொருள் உரைப்பார். பாட்டியார் இடைமறித்து ஐயம் கேட்பார். வாசிப்பு நிற்கும், ஐயம் தீர்ந்த பின்னரே தொடரும். அடுத்து நிகழ்வதை அறியத் துடித்த சிறுவர்களாகிய நமக்கு அத்தடை கசந்தது. அகத்தவமாகிய சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளுள் வாசனைக்கு அடுத்து நிற்பது பிருச்சனை, அஃதாவது வினவுதல் என்பதைப் பின்னரே கற்றோம்.

பின்னாளில் பார்வை குன்றிய பாட்டியார், "இரண்டு பக்கம் படித்துக் காட்டேன்" என்று வேண்டினார். தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்திருந்த நாம், "இது முடியட்டும், பாட்டி" என்றோம். பல மாலைகள் இவ்வாறே கழிந்தன. தொடர் முடிந்தபோது பாட்டியார் இல்லை. அத்தொடரில் வந்த ஒரு பெயரும் இன்று நம் நினைவில் இல்லை.

எவ்வுயிரையும் நாம் கொல்லவில்லை. ஆயினும் பசித்த செவியைப் பட்டினியிட்டோம். பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவதே இம்சை என்பது ஆசாரியர் காட்டிய இலக்கணம். அங்கே பிரமாதம் என்பது விழிப்பின்மை. நாமோ நம்மை மறக்கச் செய்யும் காட்சியைக் கண்டு, "பிரமாதம்!" என்று பாராட்டுகிறோம்! சொல்லின் பொருள் மாறியது போல் நம் மனமும் மாறிற்று.

ஆதலின் களிப்பைக் கடிய வேண்டுவதில்லை. அதனை அளந்தறிதல் வேண்டும். நாம் கேட்பது வினாவுக்கு நின்று விடை தருகிறதா? முடிவொன்றை நோக்கி நம்மை நடத்துகிறதா? அருகிருப்பவர் முகத்தைக் காண விடுகிறதா? கைப்பேசித் திரையில் ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்குகிறது. சிந்திக்க இடைவெளியே இல்லை.

இன்று மாலை உணவு முடிந்ததும், இல்லத்து முதியவரின் அருகில் அமர்ந்து இரண்டு பக்கம் வாசிப்போம். குழந்தை தடுமாறி வாசித்தாலும் குற்றமில்லை. இடையே ஒருவர் வினவினால் சினவாது நிறுத்துவோம். அந்த நிறுத்தத்தில்தான் வாசிப்பு தவமாகிறது.