கற்றலுக்குத் தடை யார்?

பிறர் மனம் நோகப் பேசலாகாது என்று நம் இல்லங்களில் குழந்தைக்குப் பால்மணம் மாறுமுன்பே சொல்லிக் கொடுக்கிறோம். ஆயினும் எழுத்துகளை இடம் மாற்றி எழுதும் பிள்ளையை 'மக்கு' என்று அழைப்பதை நாம் ஹிம்சை என்று கணக்கிடுவதில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்த நானும் கணக்கிட்டதில்லை.

வந்தவாசிப் பக்கம் பிறந்த நான், கணவரின் நூற்பாலைப் பணியை முன்னிட்டு இராசபாளையம் வந்து, இப்போது மேற்கு மலையடிவாரத்தில் உள்ள தேவதானத்தில் வசிக்கிறேன். நம்மவர் குடும்பங்கள் இப்பக்கம் மிக அரிது; இவ்விதழ் வரும் நாளே எனக்கு உறவினர் வரும் நாள். ஆகவே உறவினரிடம் சொல்வது போலவே ஒன்றைச் சொல்கிறேன்.

1980களின் பிற்பகுதியில் என்னிடம் பயின்ற மாணவ ஆசிரியை ஒருத்தி, புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்புக்குப் பின்னம் கற்பித்தாள். மணி அடித்தும் குழந்தைகள் எழவில்லை. அத்தகைய கற்பித்தலை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் அவளுடைய பாடக்குறிப்பேட்டில் வரிக்கு இரண்டு பிழைகள். சொல்லில் பாதியே இருக்கும், அல்லது எழுத்துகள் முன்பின்னாக மாறியிருக்கும். 'எழுத்துப் பிழை மலிந்தது. ஆசிரியப் பணிக்குத் தகுதி ஐயத்திற்குரியது' எனச் சிவப்பு மையால் எழுதினேன். எழுதியதோடு நில்லாமல், நாற்பது பேர் முன்னிலையில் அதனை அவளையே உரக்கப் படிக்கச் செய்தேன். படிக்கவும் அவள் திணறினாள். முதலாண்டுத் தேர்வுக்குப் பின் அவள் வரவில்லை.

அவளுக்கு இருந்தது சோம்பல் அன்று என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாட்டில் அறிவுக்கு யாதொரு குறையும் இல்லை. எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றும் வழி மட்டும் மூளையில் வேறாக அமைந்திருக்கிறது. அவ்வாறே ஆட்டிசம் உடையவர்க்கும், கவனம் ஓரிடத்தில் நிலைபெறாதவர்க்கும் உலகைக் கொள்ளும் வழியே வேறு. 1990களின் இறுதியிலிருந்து இவற்றை நோய் என்னாமல் மனித இயல்பின் பன்மை என்று கூறும் கருத்து உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடம் குறைபாடுடையோர்க்கு என்பதும் அதன் விதி.

கல்லூரிகளில் எழும் வினா யாதெனில், இது நீதியா என்பதே. வழிகாட்டு நெறிப்படி, சொல்வதை எழுத ஒருவரும், மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் உண்டு. மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகிறது. "மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று ஒரு பேராசிரியை என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்விதான். நான் திருப்பிக் கேட்டேன்: வரலாற்றுத் தாளில் நீங்கள் அளப்பது வரலாற்று அறிவையா, பேனாவின் வேகத்தையா? வேகத்தை அளக்கவில்லையெனில், மூன்று மணி என்பது நம் வசதிக்காக வைத்த எல்லையே அன்றி அறத்தின் எல்லை அன்று. வேகமே தொழிலின் உயிராக உள்ள இடங்களும் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவர்க்குக் கூடுதல் நேரம் யாரும் தர இயலாது. அங்கே நானும் வாதிட மாட்டேன்.

சட்டம் இருந்தும் தடுமாற்றம் ஓயவில்லை. கை எழுத்துக்கு வளையாத குறைபாடுடைய ஒருவர், குறையின் அளவு நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை என்பதால், குடிமைப் பணித் தேர்வில் எழுத்துத் துணை மறுக்கப்பெற்றார். அவ்வாறு மறுத்தல் தவறு என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மருத்துவ நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட ஒரு மாணவிக்கு மறுதேர்வு கிட்டவில்லை. அநீதியைக் களைய வழி காணுமாறு மட்டும் தேர்வு முகமைக்கு ஆணையாயிற்று. எங்கள் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலில், செவித்திறன் குறைந்தோர்க்குத் தனித்துறை வைத்துப் பொறியியல் கற்பித்த கல்லூரி உண்டு. காதுக் கருவி கண்ணுக்குத் தெரிகிறது, இரங்குகிறோம். தெரியாத குறைக்கோ சான்றிதழ் கேட்டு, அதனையும் ஐயுறுகிறோம்.

இராமானுசனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காகவே 1916இல் பட்டம் அளித்தது. அவருக்கு ஆட்டிசம் இருந்ததென்று சிலர் எழுதுகின்றனர்; மறைந்தவர்க்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே அச்சில் வார்க்கும் கல்லூரி எதனை இழக்கக்கூடும் என்பதற்கே அவரைச் சொன்னேன்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. "ஞானாவரணீய கர்மம், என்ன செய்வது?" என்பார்கள். என் மாமியார் சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கர்மம் எதனால் வந்து சேர்கிறது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் தேடியபோது திடுக்கிட்டேன். அறிவுடையார்மேல் காழ்ப்புக் கொள்ளுதல், அறிந்ததை மறைத்தல், கற்பிக்க மனம் வராமை, கற்பார்க்கு இடையூறு செய்தல் என அடுக்கப்பட்டுள்ளன. எழுதத் திணறியவளின் முற்பிறப்புக் கணக்கை நான் அறியேன். சிவப்பு மை ஏந்திய கையின் இப்பிறப்புக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

மாணவரைப் பற்றியேனும் பேசுகிறோம். ஆசிரியரைப் பற்றிப் பேசுவாரில்லை. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் தமக்கு ஆட்டிசம் உண்டென வெளிப்படையாகக் கூறியே விலங்கு அறிவியல் பேராசிரியை ஆனார். (கசாப்புக் கூடங்களில் விலங்குகளின் அச்சத்தைக் குறைக்கும் அமைப்புகளை வகுத்தவர் அவர், அத்தொழில் நமக்கு உவப்பன்று, அது வேறு செய்தி.) நம் சட்டமும் அரசுப் பணியில் இத்தகையோர் உள்ளிட்ட பிரிவினர்க்கு ஒரு விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது. ஆயினும் யார் வாய் திறந்து சொல்வார்?

என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் கல்லூரி விரிவுரையாளன். ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது இருபத்தெட்டு. பாடம் நடத்துவதில் குறையில்லை. ஆசிரியர் அறையின் இரைச்சலும், "அடுத்த மணி நீங்கள் போங்கள்" என்று திடீரென வரும் ஆணையும் அவனைக் கலக்கிவிடும். அவனுக்கு வேண்டியவை மூன்று: ஓரத்தில் ஒரு மேசை, ஆணை எழுத்தில், மாற்றம் இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் செய்தி. காசு செலவில்லாதவை. காரணம் சொல்லாமல் கேட்டதால் 'தனிச் சலுகையா?' என்றார்கள், காரணம் சொல்ல அஞ்சினான். வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறைப்பது பொய்யாகுமா அக்கா?" என்று தங்கை கேட்டாள். சத்திய விரதம் எடுத்தவள் அவள், வாய்ப்பேச்சுக்குக் கேட்கவில்லை. இரண்டு இரவு யோசித்தேன். தன்னைத் துன்புறுத்தக்கூடியவரிடம் தன் உடற்செய்தியைச் சொல்லாதிருப்பது பொய்யன்று. கேளாதார்க்கு உரைக்கக் கடமையில்லை. ஆகவே கல்லூரியில் சொல்வதும் சொல்லாததும் அவன் உரிமை. கேட்டதைக் கொடுக்காமல் காரணத்தைத் துருவுவோர் மீதே பழி. ஆனால் வாழ்நாள் முழுதும் உடன் வரப்போகும் பெண்ணிடம் மறைப்பது மௌனம் ஆகாது. அவள் அறியாமையை நம் ஆதாயமாக்கிக்கொள்வதாகும். இதனைத் தங்கையிடம் சொன்னபோது அவள் முகம் வாடிற்று. "வரன் போய்விடும்" என்றாள். போகலாம் என்றேன்.

சென்ற ஆவணியில் அவனே பெண் வீட்டாரிடம் நேரில் சென்று சொல்லி வந்தான். அவர்கள் இன்னும் விடை சொல்லவில்லை.