கடம்பும் இலுப்பையும்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் தலமரம், அதாவது தலத்தின் தெய்விகத்தோடு ஒன்றாக எண்ணப்படும் மரம், கடம்பு. ஆயினும் அதன் வெளிர்மஞ்சள் கட்டை உளிக்கு எளிதில் இணங்கினாலும், பூச்சிக்கும் ஈரத்துக்கும் விரைவில் இரையாவதால், பாரம் தாங்கும் தேர்வேலைக்கு உதவாது. தமிழகத் தேர்களுக்கு மரபாக நாடப்படும் இலுப்பையோ, வைரம் பாய்ந்து உலர்ந்தபின் ரம்பத்தின் பல்லையே மழுக்கிவிடும் என்றாலும், வெயிலையும் மழையையும் தாங்கி நெடுங்காலம் நிற்கும். அப்படியானால் புனிதம் மரத்தின் இயல்பில் உள்ளதா, வழிபாட்டில் உள்ளதா?

ஆவாகனம், அதாவது இறைவனை ஒரு பொருளில் எழுந்தருளச் செய்யும் சடங்கு, பொருளை இருப்பிடமாக மட்டுமே கொள்கிறது என்பது சைவர் விடை. திருமந்திரத்தின் மரயானை உவமையும், யானையைக் காணும் கண்ணுக்கு மரம் மறைவதைச் சொல்லி, பார்வைக்கே முதன்மை தருகிறது. இவ்விடை தேருக்குப் பொருந்தும் அளவுக்குக் கடம்புக்குப் பொருந்தவில்லை. ஏனெனில் பட்டுப்போன அதன் அடிமரம், யானையாகவோ தெய்வமாகவோ செதுக்கப்படாமல், மரமாகவே கோயிலுக்குள் காக்கப்பட்டு வணங்கப்படுகிறது.