ரேஷன் கடையில கும்பிட வேண்டியதில்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் ஏன்?

இது வழக்கமான பதிவு இல்ல. கிருத்திகை விரதம், திருப்புகழ் விளக்கம்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். ரெண்டு மாசமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கற ஒரு விஷயம். எழுதி இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல இருக்கு.

எங்க ஊர் உடையார்பாளையம். சுவாமிமலைக்கு நடந்து போற குழு ஒண்ணு வெச்சிருக்கோம். ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை வழியா கும்பகோணம் போய், அங்கேருந்து சுவாமிமலை. குழுவோட வாட்ஸ்அப் குரூப்ல காசு கேட்டு மெசேஜ் போடறது என் வேலை. அன்னதானம், பந்தல், தண்ணி பாட்டில், இந்த மாதிரிதான் கேட்பேன். இந்த வருஷம் ரெண்டு தடவை வைத்தியச் செலவுக்குக் கேக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல எங்க குழுப் பையன் ஒருத்தன். 23 வயசு. பைக்ல போய் லாரியில மோதி கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிடுச்சு. தனியார் மருத்துவமனையில சேர்த்தோம். பையன் காவடி எடுத்து ஆடற வீடியோ இன்ஸ்டாகிராம்ல நல்லா ஓடினது. அதையே எடுத்துப் போட்டு, கீழே ஜிபே நம்பர் குடுத்தேன். ரெண்டு நாள்ல 1,84,000 ரூபாய் வந்துச்சு. துபாய்லேருந்து, சிங்கப்பூர்லேருந்தெல்லாம் அனுப்பினாங்க. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

மூணு வாரம் கழிச்சு ஒரு பெரியம்மா. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. ரெண்டு கிட்னியும் செயல் இழந்து போச்சு, வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். அதே குரூப், அதே நம்பர். ஒரு வாரத்துல வந்தது 6,200 ரூபாய்.

யாரையும் குறை சொல்லல. தப்பு என் மேலயும் இருக்கு. பையனுக்கு நான் வீடியோ போட்டேன், முருகன் பாட்டு பின்னணியில வெச்சு. பெரியம்மாவுக்கு ரெண்டு வரி எழுதினதோட சரி. போட்டோ கூட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

அந்த மெசேஜுக்குக் கீழேதான் சண்டை ஆரம்பிச்சது. சொந்தமா லாரி வெச்சிருக்கற ஒரு அண்ணன் எழுதினார்: "அவங்கவங்க உடம்பை அவங்கவங்கதான் பாத்துக்கணும் தம்பி. எல்லாத்தையும் அரசாங்கம் குடுத்தா எவன் உழைப்பான்? குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கறவனுக்கு என் வரிப்பணமா?" இன்னொருத்தர் அது அவங்க வினைன்னு முடிச்சிட்டார்.

லாரி அண்ணன் சொல்றதை நான் சும்மா தள்ளல. அவர் தன் காசுல நூறு பேருக்குச் சோறு போடறவர். மனசு இல்லாத ஆள் கிடையாது. குடுக்கறது நானா விரும்பிக் குடுக்கறதா இருக்கணும், பிடுங்கறதா இருக்கக் கூடாதுங்கறதுதான் அவர் கட்சி. அதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா எங்க ஊர்ல முந்திரிக் காட்டுல சருகு கூட்டும்போது பாம்பு கடிக்குது. அது குடிக்காதவனா, உழைச்சவனான்னு கேட்டுட்டுக் கடிக்கறதில்ல. எங்க பெரியப்பாவைக் கடிச்சப்போ 108-தான் தூக்கிட்டுப் போச்சு. அரசு ஆஸ்பத்திரியில விஷமுறிவு ஊசி போட்டுப் பொழைக்க வெச்சாங்க, ஒரு பைசா வாங்கல. அன்னிக்கு நாங்க ஜிபே நம்பர் போட்டு, வீடியோ எடிட் பண்ணி, காசு சேர்த்துட்டுக் கிளம்பியிருந்தா பெரியப்பா போட்டோவுக்கு மாலைதான் போட்டிருக்கணும்.

வினைன்னு சொன்னவருக்கும் ஒண்ணு சொல்லணும். நோய் வந்தவங்க தனக்குத் தானே அப்படிச் சொல்லி ஆறுதல் தேடிக்கலாம், அது அவங்க உரிமை. பக்கத்துல நிக்கற நாம சொன்னா அது கைகழுவற பேச்சு. நமக்குக் காய்ச்சல் வந்தா வினைன்னா படுத்துக் கிடக்கறோம்? மாத்திரை வாங்க ஓடறோம்.

சரி, நம்ம நாட்டுல வைத்தியம் உரிமையா? அரசியலமைப்புச் சட்டத்தோட 47-வது பிரிவு, மக்களோட உடல்நலத்தை மேம்படுத்தறது அரசோட கடமைன்னு சொல்லுது. ஆனா அது வழிகாட்டு நெறி. கிடைக்கலைன்னு கோர்ட்டுக்குப் போய் நேரடியாக் கேக்க முடியாது. அதுக்கும் முன்னாடி, 1946-லயே போர் கமிட்டி, காசு இல்லங்கற காரணத்தால ஒருத்தருக்கும் வைத்தியம் கிடைக்காமப் போகக் கூடாதுன்னு எழுதி வெச்சது. 1992-ல மேற்கு வங்காளத்துல ஹக்கீம் ஷேக்னு ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்லேருந்து விழுந்து தலையில அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா ஏறி இறங்கியும் வசதி இல்ல, படுக்கை இல்லன்னு அனுப்பிட்டாங்க. கடைசியில தனியார்ல 17,000 ரூபாய் போலச் செலவு பண்ணிப் பொழைச்சார். 1996-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது: அவசர சிகிச்சை மறுக்கப்பட்டா அது உயிர்வாழும் உரிமையையே மீறறது, நிதி இல்லன்னு அரசு தப்பிக்க முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் குடுக்கச் சொன்னது.

2023-ல ராஜஸ்தான் ஒரு படி மேல போய் மருத்துவ உரிமைச் சட்டமே கொண்டு வந்துச்சு. தனியார் டாக்டர்கள் வாரக்கணக்குல போராடினாங்க. அவசரம்னு வந்தா முன்பணம் கேக்காமப் பார்க்கணும்னா, அந்தக் காசை அரசு எப்போ, எவ்வளவு குடுக்கும்னு கேட்டாங்க. கேக்கவேண்டிய கேள்விதான். உரிமைன்னு எழுதிட்டு பில்லை இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது.

தமிழ்நாட்டுல நமக்குக் கொஞ்சம் பரவாயில்ல. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், இப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்குக் காசில்லாம பார்க்கற திட்டம் 2021 டிசம்பர்லேருந்து இருக்கு. எங்க பையன் விஷயத்துல நாங்க அதைக் கேக்கவே இல்லங்கறதுதான் வெக்கக்கேடு. பட்டியல்ல இருக்கற மருத்துவமனை எதுன்னு விசாரிக்கறதை விட்டுட்டு வீடியோ எடிட் பண்ணிக்கிட்டு இருந்தேன். 2022 ஜனவரியில அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துடுச்சு. முன்னாடி பெரிய நோய்னா திருச்சி, தஞ்சாவூர்னு ஓடினோம்.

ஆனாலும் ஓட்டை இருக்கு. காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்னு வரம்பு. மாசம் 10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல சம்பாதிச்சா அவன் பணக்காரனா? மத்திய அரசோட சுகாதாரக் கணக்குப்படி நாட்டுல வைத்தியத்துக்கு ஆகற மொத்தச் செலவுல மக்கள் கைக்காசு 2013-14-ல 64.2 சதவீதம், 2021-22-ல 39.4 சதவீதம். குறைஞ்சிருக்கு, சந்தோஷம். இன்னும் நூத்துக்கு நாப்பது ரூபாய் நம்ம மடியிலேருந்துதான் போகுது.

எங்க ஊர் பயறணீஸ்வரர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. மிளகு மூட்டையோட வந்த வியாபாரி, சுங்கம் கட்டாம தப்பிக்க இது பயறுன்னு பொய் சொன்னான். அவுத்துப் பார்த்தா எல்லாம் நிஜமாவே பயறா மாறியிருந்துச்சாம். ஈசன்கிட்ட அழுது புலம்பித்தான் மிளகைத் திரும்ப வாங்கினான். ஆஸ்பத்திரி பத்திப் பேச்சு வந்தாலே எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். பயறுன்னு கணக்குக் காட்டிட்டு, நோய் வந்தா மட்டும் மிளகு கேக்கறோம். இதை லாரி அண்ணன்கிட்டயே சொன்னேன். சிரிச்சுட்டு, "நான் ஒழுங்கா டாக்ஸ் கட்டறேன்டா, நம்புடா"ன்னார். நம்பறேன்.

நடைபயணத்துல கங்கைகொண்ட சோழபுரத்துல ஒரு ராத்திரி தங்குவோம். அங்கேருந்து ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல்ல இருக்கு. வீரசோழன்னு பேர் வெச்ச ஆதுலர்சாலை, 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்யறவர் ஒருத்தர், நோயாளியைப் பார்த்துக்கற பெண்கள், இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளோட பேர், யாருக்கு எவ்வளவு நெல் கூலி, எல்லாம் கல்லுல வெட்டியிருக்கு. அது ஊருக்கே இல்ல, கோயில்ல வேலை செஞ்சவங்களுக்கும் அங்க படிச்சவங்களுக்கும்தான். இருந்தாலும் பாருங்க, உள்ளே இருக்கறவனுக்கு வைத்தியம் கணக்குல எழுதின செலவு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கேள்வி, யார் உள்ளே, யார் வெளியேங்கறது. இன்னிக்கும் அதே கேள்விதான். பிரபலமான பையன் உள்ளே, முந்திரி உடைக்கிற பெரியம்மா வெளியேன்னு எங்க குரூப் முடிவு பண்ணிடுச்சு, யாரும் வாய் திறந்து சொல்லாமலே.

அரசு உத்தரவாதம் குடுக்கணும்னு நான் நினைக்கறதுக்குக் காரணம் இதுதான். அரசு ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்ல வரல. அரை நாள் வரிசையில நின்னிருக்கேன், அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ அதட்டலும் வாங்கியிருக்கேன். ஆனா அங்க யாருக்கும் வீடியோ தேவைப்படல.

அந்த 6,200 ரூபாயைக் குடுக்கப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸுக்குக் காசு இல்ல, காப்பீட்டுலயே நடக்குது. அப்புறம் எதுக்குப் பணம்னு கேட்டேன். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனா அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இல்ல, வேற பஸ்லதான் போகணும். கூட வர்ற மகளுக்கு வாரம் ரெண்டு நாள் கூலி போச்சு. வெளியில வாங்கற மருந்து வேற. இதெல்லாம் எந்தத் திட்டத்துலயும் வராத செலவு. அதைக் கேக்கவும் எனக்கு அன்னிக்குத்தான் தோணுச்சு.

பணத்தை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு அவங்க சொன்னாங்க: "தம்பி, இனிமே எம் பேரைப் போட்டுக் கேக்காதீங்க. ரேஷன் கடையில நான் யாரையும் கும்பிடறதில்ல. அட்டையில எம் பேர் இருக்கு, போடறான், வாங்கிட்டு வரேன். இது ஒருமாதிரி கூச்சமா இருக்கு சாமி."

நான் தலையாட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பதிலா நான் கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன்.