எஞ்சி நிற்பது யாருடையது?

இலாபம் ஈட்டுவது முறையா, பாவமா என்ற வினா நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. விடை காணுமுன், இலாபம் என்பது எது எனத் தெளிவது நலம். விற்று வந்த பணமெல்லாம் இலாபமன்று. சரக்கின் விலை, கூலி, வாடகை, மின்கட்டணம், கடன் வட்டி, வரி ஆகிய அனைத்தையும் கழித்தபின் எஞ்சுவதே நிகர இலாபம். நூறு ரூபாய் விற்பனையில் அவ்வாறு எஞ்சுவது எத்தனை ரூபாய் என்பதே நிகர இலாப விகிதம்.

நமது காரைக்காலிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வாஞ்சூர்க் கடற்கரையில் 2009-இல் இயங்கத் தொடங்கிய தனியார் துறைமுகத்திற்குக் கப்பல்கள் வந்தன, நிலக்கரி இறங்கியது, வருவாயும் இருந்தது. ஆயினும் கடன்சுமை அதனை நொடிப்புத் தீர்வு நடவடிக்கை வரை கொண்டு சென்றது. 2023-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. வாணிபம் பரபரப்பாய் நடப்பது வேறு. கையில் எஞ்சுவது வேறு. எதுவும் எஞ்சாத தொழில் நாளை எவருக்கும் கூலி தர இயலாது. ஆகவே நேரிய இலாபம் பாவமன்று; தொழில் நடத்துவோரின் கடமையுமாகும்.

ஆனால், இவ்விகிதம் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவும் வல்லது. ஒரு கடையின் மாத விற்பனை 10,00,000 ரூபாய் எனக் கொள்வோம். சரக்குக்கு 7,20,000, கூலிக்கு 1,20,000, ஏனைய செலவு, வட்டி, வரிகளுக்கு 1,10,000 போக எஞ்சுவது 50,000. விகிதம் 5 விழுக்காடு. மற்றவை மாறாதிருக்க, கூலியில் மட்டும் 30,000 ரூபாயைக் குறைத்தால் விகிதம் 8 விழுக்காடாகிவிடும். ஒரு படி அரிசிகூட அதிகம் விற்கவில்லை. வாணிபத் திறமையும் வளரவில்லை. பணியாளரின் அடுப்பிலிருந்து எடுத்தது முதலாளியின் ஏட்டில் இலாபமாகப் பதிந்தது, அவ்வளவே. அதே 30,000 ரூபாயைச் சரக்கு வீணாவதைத் தடுத்தோ, அதிக வட்டிக் கடனை அடைத்தோ மிச்சப்படுத்தினாலும் விகிதம் அதே 8 விழுக்காடுதான். எண் ஒன்றே, அறம் ஒன்றன்று.

தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலின் நூற்றாண்டையொட்டி, 1991-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதிய மடல் இதனை நுட்பமாக எடுத்துரைக்கிறது. ஒரு தொழில் செவ்வனே நடைபெறுவதற்கு இலாபம் ஓர் அடையாளம் என அவர் ஏற்கிறார். ஆனால் அது மட்டுமே அடையாளமன்று. கணக்குகள் சீராயிருக்கும்போதே, அங்கு உழைக்கும் மனிதரின் மாண்பு சிதைக்கப்பட்டிருக்கக் கூடும் என்கிறார். அறுவடை செய்தவருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் ஆண்டவரை எட்டுகிறது என்று யாகப்பர் திருமுகமும் எச்சரிக்கின்றது.

நியாயமான கூலி கொடுத்தால் போட்டியில் நிலைக்க முடியுமா என நம்மில் சிலர் கேட்கலாம். கேள்வி எளிதன்று, சில ஆண்டுகள் விகிதம் குறையவும் கூடும். எனினும், கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் வைத்துக்கொண்டது இலாபமன்று, பிறர்க்குரிய கடன். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது கடைசி வரியை நோக்குமுன், கூலி எழுதிய வரியை ஒருமுறை நோக்குவோம். அது நேர்மையாயிருப்பின், எஞ்சி நிற்பது சிறிதாயினும் அதனை நமது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.