மரகத நண்டும் சிறுமீனும்

பவளப்பாறைச் சூழலைக் கண்ணாடித் தொட்டியினுள் அமைத்து வண்ண மீன்களை வளர்க்கும் பழக்கம், நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் புகுந்துள்ளது. “உண்பதற்காக அன்று, கண்டு மகிழ்வதற்காகவே வளர்க்கிறோம்; இதில் கொலை எங்ஙனம் வந்தது?” என வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அத்தொட்டியுள் பாசி தின்னும் நண்டு ஒன்றை விடும்போது அவ்வினா வேறு உருக் கொள்கிறது.

இதற்கெனப் பெரிதும் வாங்கப்படுவது மரகத நண்டு. கரிபியக் கடலிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் இது உள்ளங்கையில் அடங்கும் சிற்றுயிர். கொடுக்குகளின் முனை கரண்டி போலக் குழிந்து, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்கு ஏற்ப அமைந்துள்ளது. தொட்டி வைத்திருப்போர்க்குப் பெருந்தொல்லையான குமிழ்ப்பாசியை உண்பதால் இதற்கு மதிப்பு மிகுதி. பகலில் இடுக்கில் ஒடுங்கி இரவில் வெளிவரும். பாசி உள்ளவரை பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். பாசி தீர்ந்தபின் நிலை மாறுகிறது. இது முற்றும் தாவரவுண்ணி அன்று. பசி மேலிட்டால் நத்தையையும், தரையில் உறங்கும் கோபி முதலிய சிறுமீன்களையும், நோயுற்றுத் தளர்ந்த மீனையும் பற்றிவிடக்கூடும். இதற்கு மாற்றாகச் சிலர் துறவி நண்டை விடுவர். பெயர்தான் துறவி, வளரும் உடலுக்குப் பெரிய கூடு வேண்டி நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறுவதும் உண்டு!

தொல்காப்பிய மரபியல் நண்டைத் தும்பியோடு சேர்த்து நாலறிவுயிராக வைத்தது. நத்தையை ஈரறிவுயிர் என்றது. மீனோ நம் ஆகமப்படி ஐம்பொறியும் பெற்றது. ஓரறிவுடைய பாசியை உண்ண நாம் அழைத்து வந்த நாலறிவுயிர், ஈரறிவையும் ஐயறிவையும் உண்ணத் தலைப்படுகிறது. அதற்கு மனம் இல்லை. விரதம் ஏற்கும் ஆற்றலும் இல்லை. அதனைக் குறைகூறிப் பயனில்லை. அப்படியாயின் இறந்த மீனின் பொருட்டு வரும் வினை எவரைச் சாரும்?

“கடலிலும் இதுதானே நிகழ்கிறது?” என்பர் சிலர். கடலில் மீனுக்குத் தப்பிச் செல்ல இடமுண்டு; நண்டுக்கு அடுத்த பாறையில் பாசியுண்டு. தொட்டியில் இவ்விரண்டையும் இல்லாமற் செய்தது நாம் எழுப்பிய கண்ணாடிச் சுவர். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், மறதியும் கவனக்குறைவுமாகிய பிரமாதத்தின் வழியே உயிர்க்கு ஊறு விளைவதையே சுட்டினார். அகிம்சை அணுவிரதத்துக்கு அவர் வகுத்த அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவது கட்டிவைத்தல். இறுதியானது உணவும் நீரும் தடுத்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவ்விரண்டையும் கூறுகிறது. மாட்டையும் குதிரையையும் மனத்திற்கொண்டு நாம் இதுகாறும் படித்து வந்த இவ்வதிசாரங்கள் நண்டுத் தொட்டிக்கு எத்துணை நேராகப் பொருந்துகின்றன! கட்டிவைத்தல் தொட்டியை அமைத்த அன்றே நேர்ந்துவிட்டது. பாசி தீர்ந்ததை அறிந்தும் அறியாதார் போல் இருத்தல் உணவு தடுத்தலேயாகும். பயனற்ற தீங்காகிய அனர்த்த தண்டத்தில், பூனை முதலிய கொல்லும் விலங்குகளை வளர்த்தலையும் சேர்த்த நூல்கள் உண்டு. நண்டு அவ்வகையினதா என்பது நாம் அதற்கு இடும் உணவைப் பொறுத்தது.

ஆதலின் இத்தகைய தொட்டியைப் புதிதாகத் தொடங்காமையே நன்று என்பது எமது துணிபு. மரகத நண்டுகள் பெரும்பாலும் கடலிற் பிடிக்கப்பட்டவையே. அன்றியும், நண்டுக்கு உலர்ந்த கடற்பாசித் தாளை இட்டுப் பேணலாம். கோபி போன்ற மீன்களுக்கோ ஊனுணவு இன்றியமையாதது. இறால் வகைகளை விலைகொடுத்து வாங்கும் நிலை வந்தபின், செய்வித்தலும் உடன்படுதலும் நம்மைச் சாரா என்று எப்படிக் கூற இயலும்? இவ்விடத்தில் எமக்கு நேர்மையான விடை எதுவும் புலப்படவில்லை.

தொட்டி முன்னரே இல்லத்தில் இருப்பின், அதனுள் வாழும் உயிர்கள் நம் பொறுப்பாயின. 100 லிட்டர் நீருக்கு ஒரு நண்டுக்கு மேல் கூடாது. பாசி குறையத் தொடங்கும் முன்பே, வாரத்தில் இருமுறை மும்முறை கடற்பாசித் தாளைப் பாறையருகே மாலையில் இடுதல் வேண்டும். சிறுமீன் புகுந்து நண்டு புகாத ஒடுங்கிய இடுக்குகள் பல அமைதல் வேண்டும். நண்டு ஓடு கழற்றும் காலத்தில் அதன் உடல் மென்மையாகி, வேட்டையாடுவதே வேட்டைப்பொருளாகிவிடுவதால், அதற்கும் மறைவிடம் தேவை. மீனின் வெண்புள்ளி நோய்க்கு இடும் செம்பு மருந்து நண்டைக் கொல்லும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருத்துவம் செய்க. நண்டு மீன்களைத் துரத்தத் தொடங்கினால் தனித்தொட்டியே வழி. இங்கிலாந்தில் 2022 இல் இயற்றப்பட்ட விலங்குநலச் சட்டம் நண்டினத்தையும் உணர்வுடைய உயிராக ஏற்றது. நம் முன்னோர் அதற்கு நான்கு பொறிகளை எண்ணிக் கொடுத்துப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஜீவதயை என எண்ணி அந்நண்டையோ மீனையோ நம் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிட நினைப்போர்க்கு ஒரு சொல். அயற்கடலின் உயிரை இங்கு விடுதல் விடுதலை ஆகாது. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் 1985 இல் ஃபுளோரிடாக் கடலில் காணப்பட்டது. வளர்ப்போர் விட்டதாலேயே அங்கு வந்திருக்கலாம் என்பர். பின்னர் அது கரிபியன் முழுதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைப் பெருந்தொகையாக உண்டு வருகிறது. ஆதலின் வாங்கிய நண்டை அதன் ஆயுள் முடியும்வரை வைத்துப் பேணுதலே கடன். விழாவுக்கும் யாத்திரைக்கும் வெளியூர் செல்லும் நாள்களில் அதற்குத் தவறாது உணவிடுவார் ஒருவரை ஏற்பாடு செய்தலும் அக்கடனுள் அடங்கும்.